டிஜிட்டல் சினிமாக் காமிராவின் மின்வழி

படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது டிஜிட்டல் சினிமாக் காமிரா திடீரென்று அணைந்துவிட்டால், அதைக் கையாளுபவர் முதலில் ஐயுறுவது காமிராவையே. படப்பிடிப்பு நிற்கிறது; கருவி பெட்டியில் அடைக்கப்பட்டுப் பழுதுபார்க்கும் நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது; நாள் வாடகை மட்டும் நிற்பதில்லை. நிலையத்தின் மேசைமீதோ அதே காமிரா பல மணி நேரம் ஒரு குறையுமின்றி இயங்குகிறது. ‘பழுது எதுவும் காணப்படவில்லை’ என்ற குறிப்புடன் திரும்பிய கருவி, மறுநாள் களத்தில் மீண்டும் அணைகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மேசையில் காமிராவுக்கு மின்சாரம் அளித்தது வேறு மூலம், வேறு கேபிள். களத்தில் கெட்டிருந்தது காமிரா அன்று. பாட்டரியின் முனைக்கும் காமிராவின் முனைக்கும் இடைப்பட்ட வழியே கெட்டிருந்தது. அவ்வழியை முறையாக ஆராயக் கற்றவர், காமிராவைத் திறக்காமலே பெரும்பாலான மின்குறைகளைக் கண்டுபிடித்துவிட முடியும்.

மீண்டும் எடுக்கக்கூடிய காட்சியாயின் இழப்பு பணத்தோடு முடியும். களப் பணியாளர் பதிவு செய்யவேண்டியவற்றுள் பல மீண்டும் வாரா. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தில், வளைய நிலை கோயம்புத்தூர், திண்டுக்கல் வட்டாரங்களில் மூன்று நிமிட அளவே நீடித்தது. அணைந்த காமிரா ஒன்று மீண்டும் தொடங்கிப் பதிவுக்கு ஆயத்தமாவதற்குள் அதில் கணிசமான பகுதி கழிந்துவிடும். வெள்ளம், வேள்வி, மூத்த கலைஞரின் நேர்காணல் ஆகியவையும் இவ்வகையினவே.

ஒளிப்பதிவுக் கல்வியில் பெங்களூருக்கு நெடிய தொடர்பு உண்டு. அந்நகரின் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்று 1946-இல் பட்டயம் பெற்ற வி. கே. மூர்த்தி, 1959-இல் வெளிவந்த ‘காகஸ் கே பூல்’ என்னும் இந்திய சினிமாஸ்கோப் படத்தை ஒளிப்பதிவு செய்து புகழ் பெற்றார். இன்று ஹெசரகட்டாவில் அரசு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் அப்பயிற்சியை அளித்து வருகிறது. மூர்த்தியின் தலைமுறையினர் கையாண்ட பிலிம் காமிராவில் மின்சாரத்தின் பணி பெரும்பாலும் ஒன்றே: மோட்டாரைச் சுழற்றுவது. மின்னழுத்தம் தளர்ந்தால், வேகக் கட்டுப்பாடில்லாத மோட்டாரின் ஒலி மாறும். அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர் அதைக் காதாலேயே அறிந்துகொள்வார். டிஜிட்டல் காமிரா அவ்வாறு முன்னறிவிப்பதில்லை. அது கடைசிக் கணம் வரை செம்மையாகப் படம் பிடித்துவிட்டுச் சட்டென்று அணையும். இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காமிரா மின்சாரத்தைக் கொள்ளும் முறை

மின்விளக்குக்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால் மின்னோட்டமும் குறையும், விளக்கு மங்கும். டிஜிட்டல் காமிரா அப்படிப்பட்டதன்று. அதனுள் இருக்கும் மின்மாற்றுச் சுற்றுகள், உள்ளே வரும் மின்னழுத்தம் எதுவாயினும், பட உணர்விக்கும் கணிப்புச் சில்லுகளுக்கும் தேவையான திறனை இடைவிடாமல் வழங்க முயல்கின்றன. 65 வாட் வேண்டும் காமிரா, 16 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியரும், 13 வோல்ட்டில் 5 ஆம்பியரும், 11 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும் இழுக்கும். அதாவது, பாட்டரி தளரத் தளரக் காமிரா அதிகமாக இழுக்கிறது. அதிகமாக இழுப்பதனால் கேபிளில் ஏற்படும் வீழ்ச்சி கூடுகிறது. வீழ்ச்சி கூடுவதனால் காமிராவை அடையும் மின்னழுத்தம் மேலும் குறைகிறது. அதை ஈடுசெய்ய அது இன்னும் அதிகமாக இழுக்கிறது. கடன் வாங்கி வட்டி கட்டும் குடும்பத்தின் நிலை இதுவே. குறிப்பிட்ட கீழெல்லையை எட்டியதும் காமிரா தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அணைந்துவிடுகிறது.

களத்தில் பரவலாகப் பயன்படும் வி-மவுன்ட் பாட்டரியில் லித்தியம்-அயனி மின்கலங்கள் நான்கு நான்காகத் தொடரிணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றும் பெயரளவில் 3.6 வோல்ட் எனக் கொண்டால் மொத்தம் 14.4 வோல்ட். முழுமையாக ஏற்றிய நிலையில் அது 16.8 வோல்ட் காட்டும். தீரும் தறுவாயில் 12 வோல்ட்டை நெருங்கும். 98 வாட்-மணி எனக் குறிக்கப்பட்ட பாட்டரி 65 வாட் காமிராவைக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் இயக்கவேண்டும். ஆயினும் கம்பியில்லா ஒளிபரப்பி, குவிமைய மோட்டார், கண்காணிப்புத் திரை ஆகியவை அதே பாட்டரியிலிருந்து உண்ணும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. புதிய பாட்டரிகள் மட்டும் கொண்ட பெட்டியைக் களத்தில் காண்பதும் அரிது. முதுமையடைந்த பாட்டரியின் கொள்ளளவு குறைவதோடு அதன் உள்தடையும் உயர்கிறது. இரண்டாவது குறையே வஞ்சகமானது. சுமையில்லாதபோது அந்தப் பாட்டரி 15 வோல்ட் காட்டும். 5 ஆம்பியர் இழுத்தவுடன் 13 வோல்ட்டுக்கு வீழும். மல்டிமீட்டரை மட்டும் நம்பியவர் அதை நல்ல பாட்டரி என்றே எழுதிவைப்பார்.

ஆகவே முதல் விதி: சுமையில்லாமல் அளந்த மின்னழுத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரலாகாது. காமிரா பதிவு செய்துகொண்டிருக்கும்போது, அதன் முனையில் உள்ள அளவே கணக்கிற்குரியது. இதற்காக, இயங்கும் பிளக்கினுள் சோதனை ஊசியைச் செருகுதல் கூடாது; அடுத்தடுத்த முனைகளை ஊசி இணைத்துவிட்டால் பெருங்கேடு விளையும். பெரும்பாலான தொழில்முறைக் காமிராக்கள் உள்வரும் மின்னழுத்தத்தைத் தம் திரையிலேயே காட்டுகின்றன. அந்த அளவையும், அதே நேரத்தில் பாட்டரியின் முனையில் மல்டிமீட்டர் காட்டும் அளவையும் ஒப்பிடுக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வழியில் இழந்தது.

கேபிளில் நேரும் இழப்பு

எடுத்துக்காட்டாக, பெங்களூர் லால்பாக் பாறையின் அடிவாரத்தில் ஜிப் ஒன்றின் முனையில் காமிரா பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். எடையைக் குறைக்கும் பொருட்டுப் பாட்டரி கீழே வைக்கப்பட்டு, 10 மீட்டர் கேபிள் வழியாக மின்சாரம் மேலே செல்கிறது. கேபிளின் செப்புக் கம்பி 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உடையது. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கணக்கிடவேண்டிய நீளம் 20 மீட்டர். மீட்டருக்கு 0.0172 ஓம் வீதம் மொத்த மின்தடை 0.344 ஓம். மிகச் சிறிய எண் என்றே தோன்றும்.

பாட்டரி 13 வோல்ட்டில் நிற்கிறது. காமிராவுக்கு வேண்டியது 65 வாட். கணக்கைச் செய்து பார்த்தால், மின்னோட்டம் ஏறத்தாழ 5.9 ஆம்பியர், கேபிளில் வீழ்ச்சி 2 வோல்ட், காமிராவை அடைவது 11 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. 11.5 வோல்ட்டுக்குக் கீழ் இயங்காத காமிரா இங்கே அணைந்துவிடும். அணைந்தவுடன் மின்னோட்டம் நின்றுவிடுகிறது, வீழ்ச்சியும் மறைகிறது, கேபிளின் மேல் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 13 வோல்ட் முழுமையாகத் தெரிகிறது. ‘மின்சாரம் சரியாக வருகிறது, காமிராதான் கெட்டது’ என்ற தவறான தீர்ப்பு இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

அதே கேபிளை 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியால் அமைத்தால், காமிராவை அடைவது 12.3 வோல்ட் அளவு. கம்பியை மாற்றாமல் மூலத்தை 24 வோல்ட்டாக உயர்த்தினால் மின்னோட்டம் 2.8 ஆம்பியராகக் குறைந்து, வீழ்ச்சி 1 வோல்ட்டுக்குள் அடங்கும். 24 வோல்ட்டில் 1 வோல்ட் இழப்பது பொருட்படுத்தத்தக்கதன்று.

இவ்வுண்மையைக் கர்நாடகத்துக்குக் காமிரா வந்து கற்பிக்கவில்லை. காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் அனுப்பியதனால்தான் அது வழியில் கரைந்துபோகாமல் சுரங்கங்களைச் சென்றடைந்தது. 1905-இல் பெங்களூர் நகரின் தெருவிளக்குகளும் அம்மின்சாரத்தால் எரிந்தன. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தத் தங்கவயலின் மண்மேடுகளில், 2018-இல் வெளிவந்த ‘கே. ஜி. எஃப்.’ படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன. 147 கிலோமீட்டர் மின்பாதைக்குப் பொருந்திய விதியே 10 மீட்டர் காமிராக் கேபிளுக்கும் பொருந்துகிறது: ஒரே திறனுக்கு மின்னழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் நான்கில் ஒன்றாகும்.

வகுப்பில் இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர் காமிராவைத் தேடவேண்டியதில்லை. மோட்டார் வாகனத்தின் 12 வோல்ட், 21 வாட் விளக்கு ஒன்றும், 0.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி 10 மீட்டரும், 12 வோல்ட் பாட்டரியும் போதும். பாட்டரியின் அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்தல் கட்டாயம். விளக்கை முதலில் குட்டையான கம்பியால் எரியவிட்டு, பிறகு நீண்ட கம்பியின் முனையில் எரியவிட்டால், ஒளி மங்குவதை மாணவர் காண்பர். இரு முனைகளிலும் அளந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் வேறுபாடு தெரியும். பின்னர் விளக்கைக் கழற்றிவிட்டு அதே முனைகளை அளக்கச் சொல்லவேண்டும். வேறுபாடு மறைந்துவிடும். சோதனையின் சாரம் இரண்டாவது அளவில் உள்ளது. விளக்கு மங்கும், காமிரா மங்காது என்ற வேறுபாட்டை மட்டும் ஆசிரியர் வாய்மொழியாக விளக்கவேண்டும்.

முனைகளும் தொடுகைகளும்

கேபிளைவிட அதிகமாகக் குறை காணப்படும் இடம் தொடுகை. வி-மவுன்ட் தட்டின் தொடுமுனைகளில் கை வியர்வை, தூசு, ஆக்சைடு படலம் ஆகியவை சேர்ந்து 0.1 ஓம் தடை ஏற்பட்டால், 6 ஆம்பியரில் 0.6 வோல்ட் இழப்பு நேரும். ஏறத்தாழ மூன்றரை வாட் அந்தச் சிறிய முனையிலேயே வெப்பமாகும். எனவே, பதினைந்து நிமிடம் இயங்கிய பின் ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. மற்றவற்றைவிடச் சூடான பிளக்கே குற்றவாளி. காமிராவைச் சாய்த்தாலோ தோளில் ஏற்றினாலோ அணையுமாயின், ஐயமின்றித் தொடுகைக் குறையே; தட்டின் பூட்டுத் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளக்கினுள் பற்றாசு விட்டிருக்கலாம். தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் மேற்பூச்சையும் தேய்த்துவிடுகிறார். அடுத்த மாதம் குறை இருமடங்காகும்.

முனைகளின் எண்களைப் பொறுத்தவரை மனப்பாடம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. 12 வோல்ட்டுக்கு வழங்கும் நான்கு முனை எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் முதல் முனை எதிர்மின், நான்காம் முனை நேர்மின். 24 வோல்ட்டுக்கு வழங்கும் மூன்று முனைப் பிளக்கில் முதல் முனை எதிர்மின், இரண்டாம் முனை நேர்மின். வாடகைக் கடைகளில் கையால் பற்றாசிட்ட கேபிள்கள் மிகுதி. அவற்றுள் மாறிப்போனவையும் இருக்கும். அறியாத கேபிள் எதையும், அளந்து நேர்மின் எதிர்மின் முனைகளை உறுதி செய்யாமல், காமிராவில் செருகலாகாது. ஐயத்துக்குரிய கேபிளை ‘இன்னொரு காமிராவில் போட்டுப் பார்ப்போம்’ என்று சோதிப்பவர், ஒரு கருவிக்குப் பதில் இரண்டை இழக்க நேரிடும்.

எல்லா மின்மூலமும் எல்லாக் காமிராவுக்கும் பொருந்துவதில்லை என்பதும் நினைவிற்குரியது. 2015-இல் வந்த ஆரி அலெக்ஸா மினி 10.5 முதல் 34 வோல்ட் வரை ஏற்கும். ரெட் நிறுவனத்தின் டி.எஸ்.எம்.சி.2 வகை 11.5 முதல் 17 வோல்ட் வரை மட்டுமே ஏற்கும். அதற்கு 24 வோல்ட் அளிப்பது பிழை. 2022-இல் வந்த ஆரி அலெக்ஸா 35-க்கோ 20.5 வோல்ட்டுக்குக் குறைந்தால் உயிரே வராது. பழைய 14.4 வோல்ட் பாட்டரியை அதனோடு நேரே இணைத்துவிட்டுக் காமிரா கெட்டதென்று மயங்குதல் வீண். கையேட்டின் மின் விவரப் பக்கத்தைப் படியெடுத்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தல் நலம்.

ஆராயும் வரிசை

குறை தோன்றியவுடன் செய்யத்தக்கது எதையும் கழற்றாமல் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது. காமிரா எந்த நிலையில் அணைந்தது? விசையை அழுத்தியும் ஒரு விளக்கும் எரியவில்லையெனில் ஃபியூஸ், முனை மாற்றம், அல்லது பாட்டரியின் காப்புச் சுற்று ஆகியவற்றை ஐயுறலாம். குறுக்குத் தொடர்போ மிகுசுமையோ ஏற்பட்ட பாட்டரி தன் காப்புச் சுற்றால் உறங்கிவிடும். சுமையிலிருந்து நீக்கிச் சார்ஜரில் சிறிது நேரம் வைத்தால் பெரும்பாலும் விழிக்கும். காமிரா எழுந்து நின்று, பதிவுப் பொத்தானை அழுத்தியதும் அணையுமாயின், அது சுமையில் வீழும் மின்னழுத்தம்: பழைய பாட்டரி அல்லது மெல்லிய கேபிள். மோட்டார் திரும்பும் கணத்தில் மட்டும் அணையுமாயின், துணைக் கருவிகளின் திடீர் இழுப்பே காரணம்.

அடுத்து, துணைக் கருவிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, நல்லதென்று அறிந்த, முழுமையாக ஏற்றிய பாட்டரியைக் கேபிள் இல்லாமல் நேரே தட்டில் பொருத்திப் பத்து நிமிடம் பதிவு செய்து பார்க்கவேண்டும். காமிரா நின்றால் அதன்மீது குற்றமில்லை. பிறகு கேபிள், துணைக் கருவி, முந்தைய பாட்டரி என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு நிலையிலும் திரை காட்டும் மின்னழுத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுபவர் குறையை நீக்கிவிடக்கூடும். ஆனால் எது குறை என்பதை அறியமாட்டார். அக்கேபிள் மீண்டும் பெட்டிக்குள் போய்விடும்.

துணைக் கருவிகளைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் ஒரு முறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும். திரைக்கும் ஒளிபரப்பிக்கும் டி-டாப் வழியாக மின்சாரமும், எஸ்.டி.ஐ. கேபிள் வழியாகப் படக்குறியும் செல்கின்றன. மின் கேபிளின் எதிர்மின் தொடுகை விட்டுப்போயிருந்தால், துணைக் கருவியின் மின்னோட்டம் முழுவதும் எஸ்.டி.ஐ. கேபிளின் மேலுறை வழியாகக் காமிராவினுள் திரும்பும். அதற்கென அமையாத நுண்சுற்று ஒரு கணத்தில் எரிந்துவிடும். காமிராவின் மின்சாரம் சரியாகவே இருக்கும். படம் மட்டும் வெளியே வராது. பழுதோ தாய்ப்பலகையைச் சார்ந்தது, செலவு மிகுதி. உற்பத்தியாளர்களே எச்சரித்துள்ள இந்த விபத்தைத் தவிர்க்க, பூட்டும்போது முதலில் மின் கேபிள், பிறகு எஸ்.டி.ஐ.; கழற்றும்போது முதலில் எஸ்.டி.ஐ., பிறகு மின் கேபிள். அவசரத்தில் இதை மாற்றிச் செய்பவர்களே மிகுதி.

நகர மின்சாரத்திலோ ஜெனரேட்டரிலோ இயங்கும்போது வேறு சில கவனங்கள் வேண்டும். காமிராவின் மின்வழங்கிக்கும் பெரிய விளக்குகளுக்கும் ஒரே நீட்டிப்புப் பெட்டியைப் பயன்படுத்தினால், விளக்கு ஏறும் கணத்தில் 230 வோல்ட் தாழ்ந்து காமிரா தடுமாறும். மின்வழங்கியின் திறன், காமிராவும் துணைக் கருவிகளும் சேர்ந்து கொள்ளும் திறனைவிடக் கால்பங்கேனும் கூடுதலாக இருக்கட்டும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பம் பாட்டரிகளுக்கு ஏற்றது. லடாக் போன்ற உறைபனி நாடுகளில் உள்தடை பெரிதும் உயர்வதால், பாட்டரியை மேலாடைக்குள் வைத்துக் காத்தல் வேண்டும். விமானத்தில் உதிரிப் பாட்டரிகளைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். 98 வாட்-மணிப் பாட்டரிகள் சந்தையில் மிகுந்திருப்பதன் காரணம் இதுவே.

பதிவின் நடுவே மின்சாரம் அற்றுப்போயிருப்பின், கடைசிக் கோப்பு மூடப்படாமல் நின்றிருக்கும். கணிப்பொறியில் இட்டால் அது வெறுமையாகத் தோன்றலாம். அவ்வட்டையை அழித்து மீண்டும் பயன்படுத்துதல் ஒருபோதும் கூடாது. நல்ல பாட்டரியுடன் அதே காமிராவில் இட்டுத் தொடங்கினால், சில காமிராக்கள் தாமே கோப்பைச் சரிசெய்ய முயலும். அது பயனளிக்காவிடினும் அட்டையில் படத்தரவு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். மீட்கும் மென்பொருள்கள் உண்டு. அட்டையைத் தனியே எடுத்து, எழுதுதடை விசை இருப்பின் அதையும் பூட்டி, நேரத்தையும் காட்சி எண்ணையும் எழுதி உறையிலிடவேண்டும்.

குறையுள்ளதெனத் தெரிந்த கேபிளின் இரு முனைகளிலும் சிவப்பு நாடா சுற்றி, அளந்த வீழ்ச்சியையும் தேதியையும் அதில் எழுதி, நல்ல கேபிள்களோடு சேராமல் தனிப் பையில் வைக்கவேண்டும். பாட்டரிகளுக்கு எண்ணிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 ஆம்பியர் சுமையில் ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட் வீழ்கிறது என்று குறிப்பேட்டில் பதிந்துவந்தால், எந்தப் பாட்டரியை அடுத்த களப்பயணத்தில் பெட்டியிலிருந்து நீக்கவேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடலாம்.